சொல்லிவிட்டுப் பெய்த மழை

எங்கள் தெருக்காரர்கள் எந்தப் படத்தையும் முடிவு தெரியாமல் பார்த்ததே இல்லை. அதற்குக் காரணம் அவர்தான். கண்டி டவுனில் முன்பு இருந்த ஒரு தியேட்டரில், இருட்டில் வருகிறவர்களுக்கு டோர்ச் அடித்து இடம் காட்டும் வேலை அவருக்கு. படப்பெட்டி வந்த அன்றைக்கே ஓட்டிப் பார்த்துவிடுவார்கள் என்பதால் கதை முழுவதும் அவருக்கு அத்துப்படி. தடுமாறி வருகிறவரின் காலடியில் வெளிச்சத்தை விழவைத்து, "பாத்து வாங்க, இங்க ஒரு படி இருக்கு" என்பார். அதே மூச்சில், "இன்டர்வலுக்கு அப்புறம் அம்மா செத்துருவாங்க. கைக்குட்ட வச்சிருக்கீங்களா?" என்பார்.

முதலாளிக்கு இது தெரியவந்தபோது அவரைச் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு மாற்றினார். அங்கே கதையை இன்னும் விலாவாரியாகச் சொல்ல அவருக்கு நேரம் கிடைத்தது. ஆனாலும் கேட்டுவிட்டு யாரும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனதில்லை. "அவன் சொல்லிட்டான்னா நிம்மதியா அழலாம்" என்று என் அப்பாவே சொல்லியிருக்கிறார்.

மஹய்யாவில் எங்கள் வீட்டுக்குப் பதினைந்து இருபது படி மேலே அவர் வீடு. ஒடிசலான உயரம், கழுத்து வரை பூட்டிய சட்டை, பகலிலும் பையில் அந்த டோர்ச். தெருவில் எல்லோருக்கும் அவர் மாமா. எனக்கும் மாமாதான். அவருடைய மனைவியை அத்தை என்போம். வரப்போகிற எதையும் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இது ஒன்றுதான் அவரைப் பற்றி நான் சொல்லவேண்டிய செய்தி. மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

புசல்லாவை பஸ்ஸில் அவரோடு ஒரு முறை போனேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் எழுந்து நின்று, முன்பின் தெரியாத தாய்மாரிடம், "இப்ப இடது பக்கம் சாயும், புள்ளையப் புடிச்சிக்கங்க. வாந்தி வர்றவங்க பைய இப்பவே கையில எடுத்துக்கங்க" என்று அறிவித்துக்கொண்டே வந்தார். கண்டக்டர் முதலில் முறைத்தார். அன்றைக்குப் பஸ் சுத்தமாகப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு, இறங்கும்போது தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

தியேட்டர் மூடியபிறகு ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் நம்பர் கூப்பிடும் வேலை பார்த்தார். ஊசி போடும் அறையில் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வதும் அவர்தான். உலகத்தில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் "எறும்பு கடிச்ச மாதிரி" என்று பொய் சொல்கிற இடம் அது. அவர் மட்டும் குனிந்து, "எறும்பு இல்ல புள்ள, கொளவி. நல்லா வலிக்கும். ஆனா நீ உன் பேரையும் உங்கம்மா பேரையும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள போயிரும்" என்றார். எனக்கு அப்போது ஏழு வயது. வலித்தது. பேரைச் சொல்லி முடிப்பதற்குள் போயும்விட்டது. அன்று முதல் அவர் எதைச் சொன்னாலும் நான் நம்புகிறேன்.

அத்தையின் ஐம்பதாவது பிறந்த நாள் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய மகள் அம்மாவுக்குத் தெரியாமல் கேக்கும் விருந்தும் ஏற்பாடு செய்திருந்தாள். அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். காலை பத்து மணிக்கே மாமா சமையலறைக்குப் போய், "சாயங்காலம் உனக்கு ஒரு ஆச்சரியம் இருக்கு. நல்ல சேல கட்டிக்க. கேக்கு நம்ம பேக்கரில சொல்லியிருக்கு. கதவத் தொறந்ததும் கத்துவாங்க, நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துராத" என்று சொல்லிவிட்டார். அத்தை மாலையில் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, பவுடர் போட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து திகைத்தார். அவ்வளவு அழகாகத் திகைத்த ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு ஒரு ஆசை. "ஆயுசுல ஒரு தடவயாச்சும் அந்த மனுசன் மொகம் திகைச்சு நிக்கிறத நான் பாக்கணும்" என்பார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அவரே எனக்குச் சொன்னார். ஒரு கல்யாணத்துக்காக நாவலப்பிட்டிக்குப் போயிருந்தோம். ரயில் நிலையத்துக்கு வெளியே வடை தின்றுகொண்டிருந்தபோது, என்னவோ விலை விசாரிக்கிறவர் போன்ற குரலில் சொன்னார்.

"இங்கதான் புள்ள எங்க அக்காவ ஏத்திவிட்டாங்க. எனக்கு எட்டு வயசு. பிரஜா உரிமை இல்லன்னு அவள கட்டிக்குடுத்த வீட்டோட இந்தியாவுக்கு அனுப்புறாங்க. நான் அழுவேன்னு எங்கிட்ட சொல்லல. கண்ணாடி வளையல் வாங்கப் போறா, சாயங்காலக் கோச்சில வந்துருவான்னு சொன்னாங்க. நான் இந்தா, இந்த வாசல்ல நின்னேன். சாயங்காலக் கோச்சி வந்துச்சு."

பிறகு, "வடைக்குச் சட்னி காரமா இருக்கும், கொஞ்சமா தொட்டுக்க" என்றார். நான் அந்த வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்யும்போது கொஞ்சம் அளவோடுதான் செய்வேன்.

டாக்டர் டிஸ்பென்சரியை மூடிவிட்டு வெளிநாடு போனதும் மாமா வீட்டோடு இருந்தார். அந்த நாட்களில் அவர் குரல் கம்மிவிட்டது. முன்பே சொல்வதற்கு ஏதாவது நடக்கவேண்டும் அல்லவா? அவரைச் சுற்றி ஒன்றும் நடக்கவில்லை. படியில் உட்கார்ந்து, மேலே ஏறி வருகிறவர்களிடம், "அந்த மூணாவது படி ஆடும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கொக்டெயில் பாரில் வேலை கிடைத்தது. ஏரிக்கு மேலே சரிவில் இருந்த ஒரு பழைய பங்களாவை எடுத்து அனுஷா மிஸ் அதை நடத்தவிருந்தார். கொழும்பில் பிறந்து, வெளிநாட்டு ஹோட்டல்களில் வேலை செய்துவிட்டு வந்தவர். குடிக்கிற வாய்க்கு மட்டும் வேலை வைத்தால் போதாது, மூக்கு, காது, தோல் எல்லாம் சேர்ந்து குடிக்கவேண்டும் என்பது அவர் கட்சி. வாசல் கதவு ஒரு பெரிய அலுமாரி மாதிரி இருக்கும். அதைத் திறந்து உள்ளே நுழைந்தால் மழை அறை. இருட்டு, குளிர்ந்த பனிப்புகை, நாலு பக்கமும் மழைச் சத்தம், ஈர மண் வாசனை. அங்கே தென்னஞ் சாராயத்தில் எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்த முதல் கிளாஸ். அடுத்த அறையில் ஊஞ்சல்களும் கறுவா வாசமும் கித்துள் பனையின் இனிப்புப் பாணி கலந்த கிளாஸும். கடைசி அறையில் கண்ணாடி மூடியைத் தூக்கினால் கிளாஸைச் சுற்றிப் புகை எழும்பும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது. வியாபாரமே அந்த ரகசியத்தில்தான் இருந்தது.

"இருட்டுல ஆக்கள பக்குவமா நடத்திக்கொண்டு போகத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்" என்று மிஸ் கேட்டார். எனக்கு ஒருவரைத்தான் தெரியும். அவருடைய டோர்ச் அனுபவத்தைப் புகழ்ந்து தள்ளினேன். வாயைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மிஸ் அதை அவராகவே கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒத்திகையின்போது பால் கொண்டுவந்தவரை நிறுத்தி, "இந்த அலுமாரி அலுமாரி இல்ல, கதவு. உள்ள மழ பெய்யும், நனையாது, சத்தம் மட்டுந்தான்" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். மின்சாரம் பார்க்க வந்தவருக்கு ஊஞ்சல் வரை தெரிந்திருந்தது. மிஸ் அவரை அழைத்து உட்கார வைத்துப் பேசினார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மாமா, திறப்பு நாள் வரைக்கும் பாப்பேன். அண்டைக்கு உள்ளுக்க இருக்கிற ஒரு விஷயம் உங்கட வாயால வெளிய வந்தாலும், நான் வேற ஆளத்தான் பாக்க வேண்டி வரும். வராட்டி வேலை நிரந்தரம்."

"சரிங்க மிஸ். இப்பவே சொல்லிட்டீங்களே, அது போதும்" என்றார் மாமா. உண்மையாகவே நன்றியோடு சொன்னார்.

மிஸ் ஒரு பை நிறைய இஞ்சி டொஃபி வாங்கிக் கொடுத்தார். பேசவேண்டும் போல் தோன்றினால் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். திறப்பு நாளன்று மாலை நாலு மணிக்கு ஊர்க்காரர்களுக்கு அழைப்பு. மதியம் ஒரு மணிக்கே மாமாவின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. சமையலறையில் சாஸ்திரத்துக்குப் பால் பொங்க வைத்தபோது, அடுப்பைச் சுற்றி நின்றவர்களிடம் "இப்பப் பொங்கப் போகுது" என்று சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பால் பொங்கி வழிந்ததும் மூச்சை விட்டார்.

அத்தை எனக்குக் காலையிலேயே போன் செய்திருந்தார். வேலை நிரந்தரமானால் எனக்கு ஒரு மெசேஜ் போடு, மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அந்த மனுசனுக்கு மட்டும் மூச்சுவிடாதே என்று உத்தரவு. பூமாலை வாங்கியாயிற்று, கேக்குக்கு நிறம், படம் வரைக்கும் சொல்லியாயிற்று. "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்றார். போனில் எப்படி அடிப்பது என்று தெரியாமல் சரி என்றேன்.

முதல் பன்னிரண்டு பேரை மாமா அலுமாரி வழியாக உள்ளே கொண்டுவந்தார். கடைக்காரர்கள், ஒரு வங்கி மனேஜர், அவர்களுடைய வீட்டுக்காரிகள், ஹந்தானையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. படி இருந்த இடத்தில் டோர்ச்சை மட்டும் ஆட்டிக் காட்டினார். மழை தொடங்கியது. பனிப்புகை வந்தது. எல்லோரும் "ஆ" என்றார்கள். கொழும்பிலிருந்து வந்து சத்தம் எல்லாம் அமைத்த தம்பி அன்று காலையில்தான் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். தரைக்கு அடியில் ஒரு மோட்டர். இடி இடித்ததும் தரை முழுவதும் அடியிலிருந்து உறுமி அதிரும். நாங்கள் எல்லோரும் காலையில் அதன்மேல் ஏறி நின்று பார்த்துச் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். வருகிறது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் சிரித்தோம்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் எங்கள் மலைப்பக்கம் மண்சரிவில் பட்ட பாடு இங்கே யாருக்கும் மறந்திருக்காது. மண் இறங்குவதற்கு முன் எப்படி வாசனை வரும், எப்படிக் கீழே உறுமும் என்று கண்டியைச் சுற்றி இருக்கிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். நாங்களும் கண்டிக்காரர்கள்தான். ஆனாலும் பனிப்புகையும் ஸ்பீக்கரும் ஓடிய உற்சாகத்தில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

இடி இடித்தது. தரை உறுமியது. ஈர மண் வாசனை குப்பென்று எழுந்தது. அடுத்த நொடி சிரிப்பு வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. டீச்சரின் கை இருட்டில் சுவரைத் தேடுவது டோர்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. மாமாவும் அதைப் பார்த்தார். திரும்பி மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் சிரித்தபடி உதட்டில் விரலை வைத்தார், வித்தை இன்னும் முடியவில்லை என்ற நினைப்பில். மாமா அந்த விரலை ஒரு கணம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாயிலிருந்த டொஃபி இரண்டையும் உள்ளங்கையில் துப்பினார்.

"ஓடாதீங்க! மல இல்ல, மெசினு! கீழ மோட்டர் வச்சிருக்காங்க! மண்வாசம் போத்தல்ல வந்தது, கொழும்புலருந்து! மழ ஸ்பீக்கர்ல பெய்யுது! அடுத்த ரூம்ல ஊஞ்சல் இருக்கு, கடைசி ரூம்ல மூடியத் தொறந்தா பொக வரும், அதுவும் நெருப்பில்ல!"

அவர் முடிப்பதற்குள் பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள். மீதிப் பேரை அவரே அலுமாரியை அகலத் திறந்து, டோர்ச் அடித்து வெளியே விட்டார். எல்லோரும் புல்வெளியில் போய் நின்றார்கள். நல்ல வெயில். ஒரு பொட்டு மேகம் இல்லை. எதிரே மலை அதுபாட்டுக்கு நின்றது. வங்கி மனேஜர் மனைவியை உள்ளேயே விட்டுவிட்டு, மீன் கட்லட் தட்டைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவர் மனைவி பின்னாலேயே வந்து தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் சிரிப்பு அங்கே கிளம்பியது. பிறகு அடங்கவே இல்லை.

சிரிக்காமல் இருந்தவர் டீச்சர் மட்டும்தான். வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மாமா அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"போன மழைக்கு எங்க சமையல்கட்டு போச்சுங்க" என்றார் டீச்சர். "நானும் மருமகளும் வீட்டு முன்பக்கம் இருந்ததால தப்பிச்சோம். அதே சத்தம்."

"தெரியுங்க டீச்சர். மொதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு."

உள்ளே போகலாமா என்று அவர் கேட்கவில்லை. டீச்சரும் போகவில்லை. மாமா உள்ளே போய் எலுமிச்சை, இஞ்சி மட்டும் போட்டு ஒரு கிளாஸ் கலந்து வாங்கிவந்து, "மொதல்ல புளிக்கும், அப்புறம் தொண்டையில லேசா எரியும், கடைசில இனிக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார். டீச்சர் குடித்துவிட்டு, "அதே மாதிரிதான் இருக்கு" என்றார். மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி உள்ளே போனார்கள். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அவரும் கூட வரவேண்டும், எது வந்தாலும் முன்னால் சொல்லவேண்டும். "இப்ப இடி" என்பார், இடிக்கும். "ஊஞ்சலு கொஞ்சம் பின்னுக்குப் போகும்" என்பார், போகும். அவர் சொல்லிச் சொல்லி வந்த ஒவ்வொன்றுக்கும் அவர்கள் கைதட்டினார்கள். சத்தம் அமைத்த தம்பிதான் ஒரு மூலையில் நின்று, என் வேலையெல்லாம் போயிற்று என்று புலம்பிக்கொண்டிருந்தார். மூன்று கிளாஸ் கொடுத்து ஆற்றினோம்.

எல்லோரும் போனபிறகு மிஸ் மாமாவிடம் வந்தார். "நாளைக்கு வாங்க மாமா, பேசுவம்" என்றார்.

"மன்னிக்கணும் மிஸ். என்னன்னு இப்பவே சொல்லிருங்க. இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."

மிஸ் அங்கேயே சொல்லிவிட்டார். "அந்த மோட்டர நாளைக்குக் கழட்டிருவம். தரை இனி ஆடாது. நீங்க வேலைக்கு வாங்க. டொஃபி வேணாம்."

"அப்ப நான் என்னத்த மிஸ் சொல்றது?"

"மழையச் சொல்லுங்க" என்றார் மிஸ்.

நான் அத்தைக்கு மெசேஜ் போட்டேன். மாமா அலுமாரிக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, பையில் மிச்சமிருந்த டொஃபியை எல்லாம் சத்தம் அமைத்த தம்பியிடம் கொடுத்தார். பொழுது சாயும் நேரத்தில் இருவரும் மஹய்யாவில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார், நாளைக்கு வருகிறவர்களுக்கு எப்படிச் சொல்லவேண்டும், எந்தக் குரலில் சொல்லவேண்டும் என்று. எங்கள் வீட்டைத் தாண்டி மேலே ஏறினோம். கேக் தின்னும் ஆசையில் நானும் கூடப் போனேன். ஆடும் படியைத் தாண்டியதும் சட்டென்று நின்றார்.

"புள்ள, வீட்ல லைட் இல்ல."

மேலே அவர் வீடு இருட்டாக இருந்தது. பக்கத்து வீடுகளும் அப்படியே. பிள்ளைகளின் சத்தம்கூட இல்லை.

"வெளக்கு வைக்கிற நேரத்துல அவ இருட்டுல இருக்க மாட்டாளே" என்றார். குரல் மாறிவிட்டது. கை படியோரக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. "என்னமோ நடந்திருக்கு. எங்கிட்ட சொல்லல."

அவர் முகத்தைப் பார்த்தேன். அத்தை ஆயுசு முழுக்கப் பார்க்க ஆசைப்பட்ட திகைத்த முகம் அதுதான். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நாவலப்பிட்டியில் ரயில் நிலைய வாசலில் நின்ற எட்டு வயதுப் பையனுக்கு என்ன முகம் இருந்திருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"மாமா, ஒண்ணுமில்ல" என்றேன். "எல்லாரும் உள்ளதான் இருட்டுல நிக்கிறாங்க. நீங்க கதவத் தொறந்ததும் லைட்டப் போட்டுக் கத்துவாங்க. மால போடுவாங்க. கேக் இருக்கு, அதுல டோர்ச் லைட் படம் போட்டிருக்கு. அத்தை அழுவாங்க. நீங்க ஆச்சரியப்படணும்."

அவர் கை கம்பியிலிருந்து மெல்ல இறங்கியது.

"கேக்கு என்ன கலரு?"

"பச்ச."

தலையாட்டினார். "எனக்கு யாரும் இப்படி மொதல்ல சொன்னதில்ல புள்ள" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்துப் பொத்தானைச் சரிபார்த்து, டோர்ச்சைத் தன் முகத்தில் அடித்து, கண்ணை அகல விரித்துக் காட்டினார். "இது போதுமா?"

"வாயையும் கொஞ்சம் தொறங்க" என்றேன்.

கதவைத் திறந்தார். வெளிச்சம் வந்தது, தெருவே கத்தியது. மாமா நெஞ்சில் கைவைத்து இரண்டடி பின்னால் போனார். அந்தக் காலத்துப் படங்களில் தந்தி வந்ததும் தாயார்கள் போவது மாதிரி. அத்தை துள்ளித் துள்ளிக் கைதட்டினார். "பாத்தீங்களா! மனுசன் மொகத்தப் பாத்தீங்களா!"

பாரில் ஒன்றரை வருடம் மழையைச் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டு, இப்போது மாமாவும் அத்தையும் மகளோடு கொழும்புப் பக்கம் வத்தளையில் இருக்கிறார்கள். போகும் நாளை மூன்று மாதத்துக்கு முன்பே வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அத்தை போன் எடுத்தால் இன்றைக்கும் அந்த முகத்தைப் பற்றித்தான் பேச்சு. மாமா பக்கத்தில் இருந்து, "ஆமா புள்ள, பயந்தே போய்ட்டேன்" என்பார். அவர் வாழ்நாளில் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது.